ஊருக்குப் போகும் காசுக்கு வழி அமைத்தவர்: எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்

கடல் கடந்து வந்து உழைத்த தமிழர்களுக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, நாலு காசு சம்பாதிப்பது. மற்றொன்று, சம்பாதித்த காசை ஊரில் காத்திருக்கும் குடும்பத்தின் கையில் குறையாமல் சேர்ப்பது. இரண்டாவது கவலைக்கு 1937ஆம் ஆண்டில் ஒரு வங்கியைத் தொடங்கிப் பதில் சொன்னவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அப்போது அவருக்கு வயது 28. அவர் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இன்றும் இருக்கிறது. அதன் தொடக்கக் கதையில் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் இடம் உண்டு; ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் காலமும் அதுதான்.

மடியில் முடிந்த காசு

பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி ரெம்பாவ் வந்து தோட்டங்களுக்குப் போனவர்களின் வருமானத்தை முதலில் பார்க்க வேண்டும். 1920களின் இறுதியில் அரசாங்கம் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. எல்லா வட்டாரங்களிலும் இந்தக் கூலி கிடைத்ததில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்ததும் கூலியும் கீழே இறங்கியது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

அன்றைய நாணயக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மலாயா வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ். இந்திய ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ். இந்தக் கணக்குப்படி 10 வெள்ளி அனுப்பினால் ஊரில் ஏறக்குறைய பதினைந்தரை ரூபாய் கிடைக்க வேண்டும். 10 வெள்ளி என்பது ஓர் ஆண் தொழிலாளி 20 நாள் மரம் வெட்டிய கூலி. பணத்தை மாற்றித் தருகிறவர் அதில் ஒரு ரூபாயைக் குறைத்துக் கொடுத்தால் 64 காசு போயிற்று. ஒரு நாள் கூலியைவிட அது அதிகம். அடுத்த ஊரில் இருப்பவரே கணக்குக் கேட்கத் தயங்கும் காலத்தில், கடலுக்கு அப்பால் இருக்கும் வயதான தாய் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பார்?

தோட்டத் தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்பச் சில வழிகள் இருந்தன. பட்டணத்துத் தபாலாபீசுக்குப் போய் மணியார்டர் கட்டலாம். அதற்கு விலாசம் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது தோட்டத்துக் கிராணியாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருக்கும். ஊருக்குப் புறப்படும் கங்காணியிடமோ உறவுக்காரரிடமோ கொடுத்தனுப்பலாம். நகையாகச் செய்து மடியில் முடிந்துகொண்டு, தானே கப்பலேறும் நாளுக்காகக் காத்திருக்கலாம். இல்லையென்றால் பட்டணத்துச் செட்டியார் கடையில் கட்டலாம்.

செட்டியார் கடையும் உண்டியலும்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நீரிணைக் குடியேற்றங்களில் கடை வைத்தவர்கள். பினாங்கில் பினாங்குத் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, கோலாலம்பூரில் லெபோ அம்பாங் ஆகியவை அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்த இடங்கள். ஒரே கட்டடத்துக்குள் பல கடைகள் இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், ஒரு சாய்வு மேசை, ஒரு ஏஜெண்டு, அவருக்கு உதவியாக அடுத்தாள். ஏஜெண்டு மூன்றாண்டுக் கணக்கில் ஊரிலிருந்து வருவார். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார்.

இவர்கள் பணம் அனுப்பிய முறைக்கு உண்டியல் என்று பெயர். இதற்கும் கோயில் உண்டியலுக்கும் தொடர்பில்லை. இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்கவும் என்று ஒரு கடை இன்னொரு கடைக்கு எழுதும் சீட்டு அது. சீட்டைக் கண்டவுடன் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல். நாள் குறித்து எழுதப்படுவது தவணை உண்டியல். சீட்டு மட்டும் கடல் கடந்து போகும், நோட்டுக்கட்டு எதுவும் கப்பலேறாது. மலாயாவில் வெள்ளியைக் கட்டியவரின் ஆள், காரைக்குடியிலோ மதராசிலோ அதே விலாசத்தைச் சேர்ந்த கடையில் ரூபாயாக வாங்கிக்கொள்வார்.

விலாசம் என்ற சொல்லுக்குச் செட்டியார் வணிகத்தில் தனிப்பொருள் உண்டு. குடும்பத்து முன்னோர்களின் பெயர்களைச் சேர்த்த தலைப்பெழுத்துகளே கடையின் விலாசம். எம்.சிடி.எம். என்பதும் அப்படி ஒரு விலாசம்தான். அந்த எழுத்துகளைப் பார்த்ததும் பணம் தருவார்கள் என்ற நம்பிக்கைதான் உண்டியலின் உயிர்.

அதன் பலவீனமும் அதுதான். நம்பிக்கை ஒரு குடும்பத்தைச் சார்ந்தது. அந்தக் குடும்பம் நொடித்தால் சீட்டும் வெறும் தாளாகிவிடும். மேலும் செட்டியார் கடை வட்டிக்குக் கடன் கொடுக்கும் கடையும்கூட. பணம் கட்டப் போகும் கடைக்கே கடனாளியாக இருந்த தொழிலாளர்களும் இருந்தனர். செட்டியார் வட்டியைப் பற்றித் தோட்டத்திலும் கம்பத்திலும் கசப்பு இருந்தது. கடனுக்காகச் சிறு நிலங்கள் கைமாறுவதைத் தடுக்க மலாய் மாநிலங்களின் கூட்டரசு 1931இல் சட்டம் கொண்டு வந்தது.

இளம் வயதில் பொறுப்பு

சிதம்பரம் 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி பிறந்தார். தந்தை சர் முத்தையா செட்டியார், தென்னிந்தியாவில் பெயர் பெற்ற வணிகர். செல்வத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் சிதம்பரம் பொறுப்பேற்று நடத்த வேண்டியிருந்த காலம் அவருடைய முன்னோர்களுக்கு வாய்த்த காலம் போன்றதில்லை.

பர்மாவில் நடந்தது செட்டியார்கள் அனைவருக்கும் ஒரு பாடம். அங்கே நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். 1930இல் நெல் விலை சரிந்ததும் விவசாயிகளால் கடனைத் திருப்பித் தர முடியவில்லை. காசுக்குப் பதிலாக நிலம் வந்தது. 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி விளைநிலம் செட்டியார் கையில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பெரும் சொத்து. ஆனால் நிலத்தை உண்டியல் எழுதி ஊருக்கு அனுப்ப முடியாது. செட்டிநாட்டில் பணம் போட்டிருந்தவர்கள் கேட்டால் கொடுக்கக் கையில் ரொக்கம் இல்லை. இதற்கிடையே பர்மியர்களின் கோபமும் வளர்ந்துகொண்டிருந்தது. 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமாகப் போவது ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

இன்னொரு புறம், நாடுகளுக்கு இடையிலான பணமாற்று வணிகம் பெரும்பாலும் பிரிட்டிஷ் வங்கிகளின் கையில் இருந்தது. சார்ட்டர்ட் வங்கி, மெர்க்கன்டைல் வங்கி, ஹாங்காங் ஷாங்காய் வங்கி ஆகியவை துறைமுக நகரங்களில் கோலோச்சின. அவை தோட்டத் துரைமார்களுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் வசதியாக இருந்தன. ஆங்கிலம் தெரியாத, சிறு தொகை அனுப்பும் தமிழர் அந்தக் கதவுகளுக்குள் நுழைவது எளிதாக இல்லை.

ஒரே நாளில் மூன்று கிளைகள்

இந்தச் சூழலில்தான் 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறந்தது. பெயரிலேயே நோக்கம் இருந்தது: கடல் கடந்த இந்தியருக்கான வங்கி. வெளிநாட்டுப் பணமாற்றும் கடல் கடந்த வங்கித் தொழிலுமே தன் சிறப்புத் துறை என்று அது தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டது. முதல் நாளிலேயே மூன்று ஊர்களில் கதவு திறந்தது. ஒன்று மதராஸ். இன்னொன்று பணம் வந்து சேரும் காரைக்குடி. மூன்றாவது பணம் புறப்படும் ரங்கூன். அடுத்துப் பினாங்கில் கிளை வந்தது. போருக்கு முன்பே கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் இயங்கின.

வங்கியில் பணம் கட்டும் முறையும் அடிப்படையில் உண்டியலைப் போன்றதுதான். பினாங்கில் ஒருவர் வெள்ளியைக் கட்டுவார். கிளை கடிதத்தின் மூலமோ, அவசரமென்றால் தந்தியின் மூலமோ காரைக்குடிக்குத் தகவல் அனுப்பும். காரைக்குடியில் அவருடைய கணக்கில் ரூபாய் வரவு வைக்கப்படும். வெள்ளி பினாங்கிலேயே தங்கிவிடும். இந்தியாவிலிருந்து துணியும் பிற சரக்கும் தருவிக்கும் மலாயா வணிகர்களுக்கு இந்தியாவில் கொடுக்க ரூபாய் தேவைப்படும். அவர்களிடம் வெள்ளியை வாங்கிக்கொண்டு இந்தியாவில் ரூபாய் கொடுப்பதும் வங்கியின் வேலை. ஊருக்குப் போகும் பணமும் ஊரிலிருந்து வரும் சரக்கும் இப்படித்தான் கணக்கேட்டில் ஒன்றையொன்று சந்தித்தன.

மாறியது நம்பிக்கையின் அடித்தளம். உண்டியலில் ஒரு குடும்பத்தின் பெயரை நம்ப வேண்டும். வங்கியில் பங்குதாரர்கள் உண்டு, கணக்குத் தணிக்கை உண்டு, ஆண்டறிக்கை உண்டு. பணம் போட்டவருக்குக் கணக்குப் புத்தகம் கிடைக்கும். அதில் வரவும் பற்றும் தேதி போட்டு எழுதப்பட்டிருக்கும். குடும்ப விலாசத்தை வைத்தே பெயரும் புகழும் பெற்ற ஒரு வீட்டின் வாரிசு, அந்த விலாசத்துக்கு வெளியே ஒரு நிறுவனத்தைக் கட்டினார் என்பதுதான் சிதம்பரம் செட்டியாரின் பெரிய காரியம்.

அந்தக் காலம் வங்கிகளுக்கு எளிதாகவும் இல்லை. 1906இல் மதராசின் அர்பத்நாட் நிறுவனம் நொடித்துப் பல குடும்பங்களின் சேமிப்பை விழுங்கிய கதையைப் பெரியவர்கள் மறந்திருக்கவில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நிலையில், 1938 ஜூன் மாதம் தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றான திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவை மூடியது. அந்த அலையில் புதிய வங்கி சாயாமல் நின்றது.

இந்த வங்கி முதலில் யாருக்காக வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதன் முதல் வாடிக்கையாளர்கள் செட்டியார்களும் வணிகர்களும்தான். ரெம்பாவ் தோட்டத்து லயத்தில் இருந்தவருக்குக் கோலாலம்பூர் கிளை தொலைவு. ஒரு நாள் பெரட்டுக்குப் போகாமல் இருந்தால்தான் போய் வர முடியும். அவருக்குப் பக்கத்தில் இருந்தது தபாலாபீசும் பட்டணத்துக் கடையும்தான். ஆனாலும் தமிழர் தலைமையில், தமிழில் பேசிக் காரியம் முடித்துக்கொள்ளக்கூடிய, இரண்டு கரைகளிலும் வாசல் வைத்த ஒரு வங்கி வந்தது சிறிய மாற்றம் அல்ல. கிராணிகளும் ஆசிரியர்களும் சிறு கடைக்காரர்களும் வட்டிக்கடையைத் தாண்டிப் போவதற்கு ஓர் இடம் கிடைத்தது.

அதே காலத்தில்தான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாத் தோட்டங்களைப் பார்வையிட்டு, 50 காசு, 40 காசு கூலியை மீண்டும் தர வேண்டும் என்று 1937இல் அறிக்கை கொடுத்தார். கூலித் தகராறு தீராத நிலையில் 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. புதிய ஆட்கள் வருவது நின்றது. இங்கே இருப்பவர்கள் ஊருக்குப் பணம் அனுப்புவது நிற்கவில்லை.

நின்றுபோன மூன்றரை ஆண்டுகள்

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். அந்த மாதமே பினாங்கு விழுந்தது. 1942 ஜனவரியில் கோலாலம்பூரும் நெகிரி செம்பிலானும், பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் அவர்கள் கைக்குப் போயின. ரங்கூன், பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் கிளைகளை வங்கி இழந்தது. ஐந்து வயதே ஆன நிறுவனம், தான் பிறந்த காரணத்தையே இழந்து நின்றது.

அந்த மூன்றரை ஆண்டுகளில் கப்பல் இல்லை, தபால் இல்லை, பணம் போகவும் வழியில்லை. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் மணியார்டருக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு, பணம் வராததற்குக் காரணம் போரா, சாவா என்பதுகூடத் தெரியவில்லை. மலாயாவில் புழங்கிய வாழைமர நோட்டுகள் 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் செல்லாத தாளாயின. அந்த நோட்டுகளாகச் சேர்த்து வைத்தவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

1946இல் மலாயா, சிங்கப்பூர் கிளைகள் மீண்டும் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இந்தியா சுதந்திரம் பெற்றபோது வங்கிக்கு இந்தியாவில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன. வைப்புத்தொகை 6 கோடியே 64 லட்சம் ரூபாய். கொடுத்திருந்த கடன் 3 கோடியே 23 லட்சம் ரூபாய். பத்தாண்டில், அதுவும் போர் விழுங்கிய பத்தாண்டில், அது நல்ல வளர்ச்சி.

சிதம்பரம் செட்டியார் வங்கியோடு நின்றுவிடவில்லை. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தை வளர்த்தார். 1946இல் கேரளத்தின் பெரும்பாவூரில் திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலையை நிறுவினார். இந்தியாவில் செயற்கைப் பட்டு நூல் தயாரித்த முதல் ஆலை அது. காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சென்னை மவுண்ட் ரோட்டில் வானுயர்ந்த கட்டடம் ஒன்றை எழுப்பத் திட்டமிட்டு, 1953இல் வேலையையும் தொடங்கினார்.

சிங்கப்பூரில் முடிந்த பயணம்

1954 மார்ச் 13ஆம் தேதி, சனிக்கிழமை. சிட்னியிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்ட பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் ஜகார்த்தா வழியாகப் பிற்பகலில் சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் இறங்க வந்தது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இருந்த தடுப்புச் சுவரில் அதன் சக்கரம் மோதியது. விமானம் ஓடுபாதையில் விழுந்து கவிழ்ந்து தீப்பிடித்தது. அதில் இருந்த 40 பேரில் 33 பேர் மாண்டனர். பயணிகள் 31 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அவருக்கு அப்போது 45 வயது. மலாயாத் தமிழரின் பணம் ஊருக்குப் போக வழி அமைத்தவர், தன் வங்கியின் கிளை இருந்த நகரிலேயே உயிர் துறந்தார்.

மவுண்ட் ரோடு கட்டடத்தை அவர் பார்க்கவில்லை. 1956இல் இந்தியாவில் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் அது ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்குப் போனது. 1959இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம்தான் சென்னைக்குப் போகும் மலேசியத் தமிழர்களும் அண்ணாந்து பார்த்த எல்.ஐ.சி. கட்டடம். இந்தியாவின் மிக உயரமான கட்டடம் என்ற பெயரை அப்போது பெற்றிருந்தது.

பிறகு வந்த மாற்றங்கள்

1969 ஜூலை 19ஆம் தேதி இந்திய அரசாங்கம் 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் ஒன்று. அது இந்தியாவில் நடந்த மாற்றம்தான் என்றாலும் மலேசியாவிலும் எதிரொலித்தது. வெளிநாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்க மலேசியச் சட்டம் இடம் தரவில்லை. 1973இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தன் 5 மலேசியக் கிளைகளையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அது மற்ற இரண்டு இந்திய வங்கிகளோடு சேர்ந்து யுனைடெட் ஆசியன் வங்கியில் பங்குதாரரானது. அந்த வங்கி 1991இல் பேங்க் ஆஃப் காமர்சோடு இணைந்தது. அதன் வழி இன்றைய சி.ஐ.எம்.பி. வங்கியின் பாரம்பரியத்தில் கலந்தது. 2012இல் கோலாலம்பூரில் தொடங்கிய இந்தியா இன்டர்நேஷனல் வங்கியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மீண்டும் பங்கெடுத்தது.

அந்த இடைக்காலத்தில் தோட்டத் தமிழரின் வாழ்வும் மாறியது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அவர்களுக்கு ஊருக்குப் பணம் அனுப்புவது என்பது ஒரு வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே தடவையில் கொண்டுபோவதாக இருந்தது. இங்கேயே குடிமக்களாகத் தங்கியவர்களுக்கு மெல்ல மெல்ல இந்த மண்ணே ஊரானது. தாத்தா காலத்து மணியார்டர் ரசீதுகள் பழைய டிரங்குப் பெட்டிக்குள் போயின.

இன்று ரப்பரும் செம்பனையும் விளையும் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தினரும் வேலை செய்கிறார்கள். சம்பள நாள் வந்ததும் அவர்களும் பட்டணத்துக்கு வந்து பணம் அனுப்பும் கடைகளில் வரிசை பிடிக்கிறார்கள். இப்போது கைப்பேசியில் சில நிமிடங்களில் பணம் போய்விடுகிறது. 2011ஆம் ஆண்டின் பணச்சேவைத் தொழில் சட்டப்படி இந்தக் கடைகள் பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் அனுப்புகிறவர் கேட்கும் கேள்விகள் மாறவில்லை. கட்டணம் எவ்வளவு? மாற்று விகிதத்தில் எவ்வளவு குறைகிறது? பணம் உரியவர் கையில் எப்போது சேரும்? சேரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

கடைசிக் கேள்விக்குக் கணக்குப் புத்தகத்தோடும் ரசீதோடும் பதில் சொல்லும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையில் உண்டாக்கிய முன்னோடிகளில் சிதம்பரம் செட்டியார் ஒருவர். செட்டியார் சமூகத்தின் தேவையில் தொடங்கிய அந்த வழியில் மற்றவர்களும் பிறகு நடந்தார்கள். லைசென்ஸ் இல்லாத ஆளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் தொழிலாளர்கள் இன்றும் இருப்பதால், அவருடைய கதை பழங்கதையாகிவிடவில்லை.